அண்ணாவும் தென்னாட்டு உருக்காலையும்



1962-இல் மாநிலங்களவைக் கன்னிப் பேச்சிலேயே திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டார் அறிஞர் அண்ணா. மறு ஆண்டே பிரிவினையைக் கைவிட்டார். அதற்குரிய காரணங்களைக் கைவிட்டாரல்லர். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்து அரசு உருக்காலைகளான பிலாய், ரூர்கேலா, துர்க்காப்பூர் மூன்றும் தென்னாட்டுக்கு வெளியேதானே எழுந்தன!

1967-இல் முதலமைச்சராகிச் சேலம் உருக்காலைக்காக எழுச்சி நாள் நடத்தினார். ஆந்திரர் அதற்கு முன் ஆண்டே விசாகப்பட்டினத்துக்காகக் கிளர்ந்திருந்தனர். அண்ணா மறைந்த மறு ஆண்டு, 1970-இல், மைய அரசு இசைந்தபோது சேலம், விசாகப்பட்டினம் இரண்டோடு நாம் வாழும் கன்னட நாட்டு ஹொசப்பேட்டையும் இடம்பெற்றது.

ஹொசப்பேட்டையில் அரசு ஆலை எழாமலே போயிற்று. சேலத்திலோ 1980-களில் ஆலை ஓடத் தொடங்கிற்று. ஆனால் அருகிருந்த கஞ்சமலை இரும்புக் கல்லைக் கொண்டன்று, வெளியிலிருந்து தருவித்த எஃகைக் கொண்டே!