கையேட்டில் தவறு இருந்தால் யாரிடம் சொல்வது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, பசங்களுக்குப் பயன்படுற மாதிரி கம்ப்யூட்டர் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு" என்றார். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் பேச வந்திருப்பது அதைவிடச் சாதாரணமான ஒரு சங்கதி. எடிட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. அதற்கு ஒரு கையேடு இருக்கிறது. அந்தக் கையேட்டில் தவறுகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்துகிற வேலை பற்றித்தான் பேசப் போகிறேன். சம்பளம் இல்லாத வேலை. சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நானும் கொஞ்சம் செய்துவருகிறேன்.

வணிகவியல், தாவரவியல் படித்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே ஒரு வார்த்தை. எடிட்டர் என்பது நிரல் எழுதுபவர்களின் பேனா மாதிரி. எழுத்துகளை அடிக்க, அழிக்க, தேட, மாற்ற உதவும் மென்பொருள். நான் பயன்படுத்துவதற்கு விம் என்று பெயர். பாத்திரம் தேய்க்கிற விம் இல்லைங்க. பிராம் மோலனார் என்ற டச்சுக்காரர் அமிகா என்ற கணிப்பொறிக்காக எழுதி, 1991-இல் வெளியிட்டது. மூல நிரலோடு இலவசமாகக் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். கையேடும் அப்படித்தான்.

நான் ராசிங்காபுரத்துக்காரன். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. கல்லூரியில் சேர்ந்து கணிப்பொறியில் உட்கார்ந்தபோது, சந்தேகம் கேட்க வீட்டிலும் ஆள் இல்லை, தெருவிலும் ஆள் இல்லை. விடுதியில் இணைய வசதி கிடையாது. எனக்கு ஆசானாக இருந்தது விம்மோடு கூடவே வருகிற உதவிக் கோப்புகள். முக்காற்புள்ளி போட்டு ஹெல்ப் என்று தட்டினால் திறக்கும். இணையம் வேண்டாம். பிழைச் செய்திகளுக்குக்கூட எண் உண்டு. எழுதியதைச் சேமிக்காமல் வெளியேறப் பார்த்தால் 'ஈ37' என்று காட்டும். அந்த எண்ணைக் கொடுத்து உதவி கேட்டால் விவரம் வரும். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்கிற பையனுக்கு அந்த எண் எவ்வளவு பெரிய கைப்பிடி என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நாட்களில் என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. உங்களில் பலருக்கும் இருக்கும். கையேட்டில் சொன்னபடி செய்து, சொன்னது நடக்கவில்லை என்றால், "நமக்கு இங்கிலீஷ் சரியாப் புரியல போல" என்று மனசு உடனே சொல்லும். கையேடு தவறாக இருக்கலாம் என்று தோன்றவே தோன்றாது. அச்சில் வந்தது, வெள்ளைக்காரர் எழுதியது, அதுல போய் தப்பு இருக்குமா? நகரத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்த பையன் அதே இடத்தில் மாட்டினால், "இது தப்பா எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். இரண்டு பேரும் ஒரே பக்கத்தைத்தான் படிக்கிறார்கள்.

கையேட்டில் தவறு எப்படி வருகிறது? சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். எழுதிய அன்று சரியாக இருந்தது, பிறகு உலகம் மாறிவிட்டது. அதுதான் முதல் வகை. மதுரையிலிருந்து போடிக்கு வந்த மீட்டர் கேஜ் ரயிலை அகலப் பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15-இல். இடைப்பட்ட பன்னிரண்டரை ஆண்டுகளில் பழைய கால அட்டவணையை நம்பி ஒருவர் போடி ஸ்டேஷனுக்குப் போயிருந்தால்? அட்டவணை பொய் சொல்லவில்லை. அதற்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். விம்மின் ஒவ்வொரு உதவிக் கோப்பிலும் முதல் வரியிலேயே கடைசியாக மாற்றிய தேதி போட்டிருப்பார்கள். நான் எதைப் படித்தாலும் முதலில் அந்தத் தேதியைத்தான் பார்ப்பேன்.

இன்னொரு வகை, எழுதியவருக்கு ரொம்பத் தெரிந்திருப்பதால் வருவது. விம்மிலிருந்து வெளியேறத் தெரியாமல் தவிப்பது உலகப் பிரசித்தம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி பதில் தளத்தில் அந்த ஒரு கேள்வியை மட்டும் 2017-க்குள் பத்து லட்சம் தடவை பார்த்திருக்கிறார்கள். கையேட்டில் பதில் இல்லாமல் இல்லை. மாட்டிக்கொண்டவனுக்குக் கையேட்டைத் திறக்கவே தெரியாதே! தப்பிக்க நினைப்பவன் பதற்றத்தில் கன்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்துவான். இப்போது அப்படி அழுத்தினால், வெளியேற என்ன தட்ட வேண்டும் என்று திரையின் அடியிலேயே ஒரு வரி வரும். என்னைக் கேட்டால், ஆயிரம் பக்கக் கையேட்டைவிட அந்த ஒரு வரி மேல். விழுந்தவன் கை எங்கே நீளும் என்று பார்த்து அங்கே கயிறு போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கையேடு ஒன்று சொல்கிறது, நிரல் வேறொன்று செய்கிறது. இதில் யார் பக்கம் தவறு? விம்மில் பெரிய 'டி' அடித்தால் கர்சர் இருக்கும் இடத்திலிருந்து வரி முடிவு வரை அழியும். பெரிய 'சி'யும் அதே அளவைத்தான் மாற்றும். அப்படியானால் பெரிய 'ஒய்' அடித்தால் வரி முடிவு வரை நகலெடுக்க வேண்டும், இல்லையா? எடுக்காது. முழு வரியையும் எடுக்கும். பழைய வீஐ எடிட்டரில் அப்படி இருந்தது. லட்சக்கணக்கானோரின் விரல் அதற்குப் பழகிவிட்டது. அதனால் பிராம் நிரலை மாற்றவில்லை. மாறாக, வரி முடிவு வரை எடுப்பதுதான் அறிவுக்குப் பொருந்தும், ஆனால் பழைய வழக்கத்துக்கு ஒத்துவராது, உனக்கு வேண்டுமென்றால் இப்படி மாற்றிக்கொள் என்று கையேட்டிலேயே வெளிப்படையாக எழுதி வைத்தார். தன் கருவியின் கோணலைத் தானே எழுதி வைக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? விம்மிலிருந்து பிரிந்த நியோவிம் 2021-இல் இதை மாற்றிவிட்டது. அவர்கள் கையேட்டையும் அதற்கேற்ப மாற்றினார்கள். இரண்டுமே சரிதான். எழுதியதும் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

இதற்கு எதிர்த் திசையில் நம் தமிழிலேயே ஒன்று நடந்திருக்கிறது. ஈமாக்ஸ் என்ற இன்னொரு பழைய எடிட்டர் உண்டு. அதில் தமிழில் தட்டச்சு செய்யும் வசதி வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் தமிழ் முறையை வைத்துக்கொண்டு 1, 2, 3 என்று அடித்தால் ௧, ௨, ௩ என்று விழும். நம்மில் யார் இன்று ௩ போட்டுக் கணக்கு எழுதுகிறோம்? தாத்தா காலத்துப் பத்திரத்தில் பார்த்ததோடு சரி. நிரலை முதலில் எழுதியவர்கள், தமிழுக்கு எண்கள் உண்டு என்று எங்கோ படித்துவிட்டு நல்லெண்ணத்தில் செய்திருப்பார்கள் என்பது என் ஊகம். தினமும் தமிழில் தட்டுகிறவர் எடுத்துச் சொன்னால்தானே இது தவறு என்று தெரியும். 2023 ஜூலையில் வந்த 29.1 பதிப்பில் இதை மாற்றினார்கள். இந்த எண்கள் இன்று புழக்கத்தில் இல்லை என்று காரணத்தையும் மாற்றக் குறிப்பில் எழுதினார்கள். பழையபடி தமிழ் எண்கள்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தனி முறையின் பெயரையும் கொடுத்தார்கள். தமிழ்99 முறையும் அதே பதிப்பில் சேர்ந்தது.

அந்த ஈமாக்ஸ்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. உருவாக்கத்தில் இருக்கும் பதிப்பின் மாற்றக் குறிப்பில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே மூன்று கூட்டல் குறியோ மூன்று கழித்தல் குறியோ போடுவார்கள். கூட்டல் என்றால் கையேட்டிலும் திருத்தியாகிவிட்டது. கழித்தல் என்றால் கையேட்டில் திருத்தத் தேவை இல்லை. குறியே இல்லை என்றால் யாரோ வேலை பாக்கி வைத்திருக்கிறார்கள். காசு செலவில்லாத ஏற்பாடு. நம் அலுவலகங்களில் இதை ஏன் செய்வதில்லை என்று எனக்குப் புரிவதில்லை.

அலுவலகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். புதிதாகச் சேருகிறவர் தன் கணிப்பொறியைத் தயார் செய்துகொள்ள ஏழு படிகள் கொண்ட ஒரு தாள் கொடுப்பார்கள். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி வந்து சேர்ந்தான். இரண்டு நாள் முழுக்க ஐந்தாவது படியிலேயே நின்றான். யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மேலாளர், "இவனுக்கு அடிப்படையே தெரியல, எப்படி எடுத்தாங்க?" என்று அவன் காதுபடவே சொன்னார். பயிற்சிக் காலத்தில் இருக்கிறவனுக்கு இந்தப் பேச்சு போதும், வேலை போய்விடும்.

நான் ஒரு புதுக் கணிப்பொறியை எடுத்துவைத்து, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தாளில் உள்ளபடி முதல் படியிலிருந்து செய்தேன். ஐந்தாவது படியில் எனக்கும் அதே பிழை. விஷயம் இதுதான். நான்காவது படியில் பயனரை ஒரு குழுவில் சேர்க்கிறோம். லினக்ஸில் அந்த அனுமதி, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் நடைமுறைக்கு வரும். அந்த ஒரு வரி தாளில் இல்லை. மற்ற எல்லாருடைய கணிப்பொறியும் என்றோ தயாரானது. அந்தத் தாளை முதலிலிருந்து கடைசி வரை படித்துச் செய்தவர் ஆண்டுக்கணக்கில் யாரும் இல்லை. ஒரே ஒரு வரி சேர்த்தோம். தம்பி வேலையில் நீடித்தான். பிறகு அந்தத் தாளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

தாள் தவறினால் பழி தாள் மீது விழுவதில்லை, படித்தவன் தலையில் விழுகிறது. அதுவும் யார் வாய் திறக்கத் தயங்குவார்களோ அவர்கள் தலையில்தான் விழுகிறது. இதைத்தான் உங்களிடம் சொல்லிவிட்டுப் போக வந்தேன்.

எப்படித் திருத்துவது என்று கேட்பீர்கள். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். சல்லடையில் சலித்தபிறகும் அக்காமார் உட்கார்ந்து, காம்பு ஒட்டிய காய், வெடித்த காய், சொத்தைக் காய் என்று கையால் பொறுக்கி எடுப்பார்கள். எந்த ஒரு காயைக் காட்டியும் யாரும் பேர் வாங்க முடியாது. மூட்டை ஏலத்துக்குப் போனால்தான் வித்தியாசம் தெரியும். கையேட்டு வேலையும் அந்த ஜாதிதான். உங்களிடம் இருக்கும் பதிப்பு எது என்று முதலில் பாருங்கள். புதிய பதிப்பில் ஏற்கெனவே திருத்தியிருக்கலாம். பிறகு உங்கள் சொந்த அமைப்புகளை எல்லாம் நீக்கிவிட்டு, வெறும் எடிட்டரில் அதே காரியத்தைச் செய்து பாருங்கள். கையேட்டில் உள்ள ஆங்கிலத்தை அழகுபடுத்தத் தோன்றும். வேண்டாம், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். என்ன செய்தேன், கையேடு என்ன சொன்னது, என்ன நடந்தது என்று மூன்று வாக்கியம் எழுதி, ஒரு தடவைக்கு ஒரே ஒரு திருத்தம் அனுப்புங்கள். உங்கள் ஆங்கிலம் உடைந்திருந்தால் பரவாயில்லை. நடந்ததைச் சொல்ல இலக்கணம் தேவையில்லை. சில சமயம் "வேண்டாம்" என்று பதில் வரும், காரணத்தோடு. சில சமயம் மாதக்கணக்கில் பதிலே வராது. அவர்களும் வேறு எங்கோ வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து உட்காருகிறவர்கள்தான்.

ஒன்று மட்டும் தம்பி தங்கைகளுக்கு. இந்த வேலைக்கு நிபுணர் வேண்டியதில்லை, புதியவர்தான் வேண்டும். குழம்பிய அன்றே குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கு எல்லாம் புரிந்துவிடும். அதன்பிறகு எங்கே குழம்பினோம் என்பதே நினைவுக்கு வராது. "இதெல்லாம் ஏஐ-யைக் கேட்டாச் சொல்லிடுமே" என்று முன்வரிசையில் ஒரு நண்பர் முணுமுணுக்கிறார். சொல்லும்தான். அதுவும் இந்தக் கையேடுகளையெல்லாம் படித்துத்தான் சொல்கிறது அண்ணே. கையேட்டில் சொத்தை இருந்தால் அங்கேயும் சொத்தைதான்.

பிராம் மோலனார் 2023 ஆகஸ்ட் 3 அன்று தமது 62-ஆவது வயதில் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருத்தங்களைத் தாமே படித்துப் பார்த்துச் சேர்த்தவர். உகாண்டாவின் கிபாலே என்ற ஊர்க் குழந்தைகளுக்கு உதவும்படி, எடிட்டரின் முகப்புத் திரையிலேயே பல்லாண்டு காலம் வேண்டுகோள் போட்டிருந்தவர். அவர் போனபிறகு விம் என்ன ஆகுமோ என்று பலரும் கவலைப்பட்டோம். கிறிஸ்டியன் பிராபண்ட் என்பவர் முன்னின்று பொறுப்பேற்க, நெடுநாள் பங்களிப்பாளர்கள் கைகொடுத்தார்கள். அவர்களில் ஏகப்பன் லட்சுமணன் என்ற தமிழ்ப் பெயரும் உண்டு. டேக்லிஸ்ட் என்ற புகழ்பெற்ற துணை நிரலை எழுதியவர். 2024 ஜனவரி 2-இல் வந்த 9.1 பதிப்பை பிராமுக்குக் காணிக்கை ஆக்கினார்கள். உதவிக் கோப்புகளின் முதல் வரியில் தேதிகள் இன்னமும் மாறிக்கொண்டிருக்கின்றன.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்கு நான் கணிப்பொறி ஆய்வகத்தில் இருப்பேன். முதல்வர் அவர்கள் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எந்த மென்பொருளாக இருந்தாலும் சரி, "இந்த இடத்தில்தான் எனக்குப் புரியல" என்று ஒரு வரியோடு வாருங்கள். உங்கள் பக்கம் தவறா, கையேட்டின் பக்கம் தவறா என்று இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். ஐந்தரைக்கு எனக்குத் தேனிக்குப் பஸ்.