இயந்திரத்துள் இயந்திரம்

ஒரு கணனிக்குள் இன்னொரு கணனியைக் குடியமர்த்தலாம் என்று கூறின், கூடு விட்டுக் கூடு பாய்ந்த சித்தர்களின் கதை முதியோர் சிலருக்கு நினைவு வருதல் கூடும். இதில் சித்து ஒன்றுமில்லை. மேசைமீது இருக்கும் கணனியின் நினைவகத்தில் ஒரு பகுதியையும், தட்டில் ஒரு பகுதியையும் ஒதுக்கி, அங்கே ஒரு தனிக் கணனி இருப்பதுபோலப் பாவனை செய்யும் மென்பொருள் ஒன்று உண்டு. அப்பாவனைக் கணனியையே மெய்நிகர் இயந்திரம் என்கின்றனர். ஐ.பி.எம். நிறுவனம் தன் பெருங்கணனிகளுக்கு இவ்வித்தையை 1972 ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு விட்டது. சாதாரண மேசைக் கணனிக்கு அதனைக் கொணர்ந்து பெயர் பெற்றது, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1998 இல் தொடங்கப்பெற்ற வி.எம்.வெயார் என்னும் நிறுவனம்.

இதனால் யாருக்குப் பயன் என்ற கேள்வி எழுவது இயல்பே. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒரே கணக்கேட்டு மென்பொருளை நம்பியிருக்கும் சிறு வணிகர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அம்மென்பொருள் பழைய விண்டோஸில் மாத்திரமே ஓடும். அதனை எழுதியவர் தொழிலை விட்டுப் போய்விட்டார். வணிகரின் கணனியிலோ இப்போது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இருக்கின்றது. பழைய விண்டோஸை ஒரு மெய்நிகர் இயந்திரத்துள் வைத்துவிட்டால், புறத்தே லினக்ஸ், அகத்தே விண்டோஸ் என இரண்டும் ஒரே பெட்டிக்குள் ஒற்றுமையாக வாழும். பல மாதங்கள் அவ்வாறே வாழ்ந்தும் வரும். பின்னர் ஒருநாட் காலையில், முதல்நாள் இரவு வந்த புதுப்பிப்பு ஒன்றின் பின், அகக் கணனி எழ மறுத்துவிடும். மாத இறுதிக் கணக்கு முழுவதும் அதனுள்ளே பூட்டிக் கிடக்கும்.

இவ்விடரின் வேரை அறிய வேண்டுமாயின், கேர்னல் எனப்படும் கருவைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். லினக்ஸின் நடுநாயகமாக இருப்பது இக்கருவே. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் இதனை எழுதத் தொடங்கினார். வன்பொருளைத் தொட்டு ஆள்வது இக்கரு ஒன்றுதான். மற்றைய மென்பொருள்கள் யாவும் அதனிடம் விண்ணப்பித்தே காரியம் பெறுகின்றன. மெய்நிகர் இயந்திரமோ வெறும் விண்ணப்பத்தோடு அமையாது. செயலியின் உட்புறத்தையும் வலையமைப்பின் வாயிலையும் அது நேரே பற்றவேண்டும். ஆகவே கருவினுள்ளேயே தனக்கென ஓர் ஆளை அமர்த்திக்கொள்கின்றது. அவ்வாளுக்கு மொடியூல் என்று பெயர். தொழிலால் அது ஓர் இயக்கி, அதாவது டிரைவர். வி.எம்.வெயார் புறக் கணனியில் இத்தகைய இரு மொடியூல்களை வைக்கின்றது. வி.எம்.மொன் என்பது செயலியையும் நினைவகத்தையும் கவனிக்கும், வி.எம்.நெற் என்பது வலையமைப்பைக் கவனிக்கும். அகக் கணனி லினக்ஸாக இருப்பின், அதற்குள்ளும் திரை, வலையமைப்பு, பகிரும் கோப்புறை ஆகியவற்றுக்கு வேறு இயக்கிகள் வேண்டியிருந்தன. அவை இல்லாவிடின் திரை சிறு சதுரமாகச் சுருங்கிக் கிடக்கும். சுட்டி அச்சதுரத்துள் அகப்பட்டு, கொன்ட்ரோல், ஓல்ட் என்னும் இரு விசைகளை ஒருங்கே அழுத்தினாலன்றி வெளியே வாராது.

அந்நிறுவனம் தன் முதன்மை மென்பொருளின் மூலத்தை எவருக்கும் காட்டுவதில்லை. கருவோடு ஒட்டும் இவ்விரு மொடியூல்களின் மூலத்தை மாத்திரம் பொதியில் வைத்து அனுப்புகின்றது. ஏனெனில், ஒரு கருவுக்கென்று தொகுத்த மொடியூல் வேறொரு கருவில் ஏறாது. பதிப்பு எண்ணில் ஒரு புள்ளி வேறுபட்டாலும், வடிவம் பொருந்தவில்லை எனக் கரு திருப்பி அனுப்பிவிடும். ஆகவே, ஒவ்வொருவர் கணனியிலும், கரு மாறும் ஒவ்வொரு முறையும், மூலத்திலிருந்து மொடியூலைப் புதிதாகத் தொகுக்க வேண்டும். ஆயத்த ஆடை வாங்க வந்தவரிடம் துணியையும் கத்தரிக்கோலையும் கொடுத்து அனுப்புவது போன்றது இது.

பெடோரா என்னும் லினக்ஸ் விநியோகத்தை எடுத்துக்கொள்வோம். 2003 முதல் வெளிவருவது. றெட் ஹற் நிறுவனத்தின் ஆதரவு பெற்றது. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு. புதுமையை விரும்புவோர்க்கு உகந்தது. வேறு சில விநியோகங்கள் ஒரு பதிப்பின் ஆயுட்காலம் முழுவதும் ஒரே கருவைப் பேணுகையில், பெடோரா பதிப்பின் நடுவிலேயே புதிய கருவை ஏற்றுக்கொள்ளும். லினக்ஸ் கருவோ ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய உருவெடுக்கின்றது. எனவே, பெடோராவில் மெய்நிகர் இயந்திரம் வைத்திருப்பவர் ஆண்டுக்குப் பலமுறை இத்தையல் வேலைக்கு உட்கார வேண்டியவராகின்றார்.

முதற் தடை பெயரிலே தொடங்குகின்றது. மொடியூலைத் தொகுப்பதற்கு அக்கருவின் தலைப்புக் கோப்புகள், அதாவது ஹெடர் கோப்புகள், தேவை. டெபியன், உபுண்டு என்னும் விநியோகங்களில் 'லினக்ஸ் ஹெடர்ஸ்' என்ற பொதியை நிறுவினாற் போதும். பெடோராவிலும் 'கேர்னல் ஹெடர்ஸ்' என்றொரு பொதி உண்டு. பாவனையாளர் அதனை நிறுவிவிட்டு மகிழ்வார். ஆனால் அது சாதாரண மென்பொருள்களைத் தொகுப்பதற்குரியது; மொடியூலுக்கு வேண்டியது 'கேர்னல் டெவல்' என்னும் வேறு பொதி. ஒரே பெயர் ஓரூரில் மருந்தையும் மற்றோரூரில் உணவையும் குறித்தால் வரும் குழப்பம் இங்கே வருகின்றது.

சரியான பொதியைத் தெரிந்துகொண்டாலும் தொல்லை விடுவதில்லை. கேட்டவுடன் கிடைப்பது ஆகப் பிந்திய கருவுக்குரிய பொதியாகும். கணனியில் அப்போது ஓடிக்கொண்டிருப்பது அதற்கு முந்திய கருவாக இருக்கலாம். 5.8.15-301 என்ற கருவுக்கு அதே எண்ணும் அதே வாலும் கொண்ட பொதிதான் வேண்டும். கணனியை ஒருமுறை அணைத்து எழுப்பினால் தீரக்கூடிய இச்சிறு பிணக்கை அறியாது, அரைநாளைக் கழித்தவர் பலர். பழைய நிறுவற் கட்டளையோ, தலைப்புக் கோப்புகள் எவ்விடத்தில் உள்ளன என்று பாவனையாளரையே கேட்கும். அவர் சொல்லும் இடம் தவறாயின், அப்படி ஓர் இடமில்லை என்று கூறி மீண்டும் அதே கேள்வியைக் கேட்கும். தெரியாது என்று சொல்ல அதில் வழியில்லை.

அடுத்தது தொகுப்பி. இயந்திரம் விளங்கிக்கொள்ளும் மொழிக்கு மூலத்தை மாற்றும் மென்பொருள் அது. கருவைத் தொகுத்த தொகுப்பியின் பதிப்பும் பாவனையாளரிடம் உள்ளதன் பதிப்பும் வேறாயின் எச்சரிக்கை எழும். நூலகம் ஒன்று இல்லாவிடின், அந்நூலகத்தின் பெயரோடு, எவருக்கும் விளங்காத மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்றையும் சேர்த்துப் பிழைச் செய்தி எழும். இவை எல்லாம் நீங்கித் தொகுப்பு நடக்கத் தொடங்கினால், நூற்றுக்கணக்கான வரிகள் திரையில் ஓடும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. நம்மவர் கண் இயல்பாகவே கடைசி வரிக்குச் செல்கின்றது; அங்கே 'பிழை 2' என்பதுபோன்ற ஒரு சொல்தான் இருக்கும். நோயின் காரணம் முதலில் தோன்றிய பிழை வரியிலே இருக்கின்றது. அது எப்போதோ மேலே ஓடி மறைந்துவிட்டது. பதிவேட்டைப் பார்க்கவும் என்று மென்பொருள் அறிவுரை கூறும். அப்பதிவேடு தற்காலிகக் கோப்புகளின் அடைவில் எழுதப்படுகின்றது. பெடோராவிலோ அவ்வடைவு நினைவகத்தில் இருப்பது. கணனியை அணைத்து எழுப்பினால் ஏதும் சரியாகுமோ என்று முயன்றவர், திரும்பி வந்து பார்க்கும்போது சாட்சியமும் மறைந்திருக்கும்.

மேற்கூறியன பாவனையாளரின் பொறுமையால் வெல்லத்தக்கவை. பொறுமையால் வெல்ல இயலாதது ஒன்று உண்டு. மொடியூலின் மூலம் எழுதப்பட்ட காலத்தில் இருந்த கரு, இப்போது அதே கருவாக இருப்பதில்லை. 2012 டிசம்பரில் வெளியான 3.7 பதிப்பில், பதிப்பு எண்ணைத் தாங்கும் சிறு கோப்பு ஒன்று வேறோர் அடைவுக்குக் குடிபெயர்ந்தது. உடனே, தலைப்புக் கோப்புகள் இருந்தும் இல்லை என்று சொல்லத் தொடங்கியது நிறுவற் கட்டளை. பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு ஓர் இணைப்பை இடுதலே அதற்குப் பரிகாரம். ஒரே வரிக் கட்டளை. ஆனால் அவ்வொரு வரியை அறிவதற்கு எத்தனை பேர் எத்தனை இரவு விழித்திருப்பர்! 2018 ஜனவரியில் வந்த 4.15 இல் நேரக்கணிப்பான்களைத் தொடங்கும் பழைய முறை நீக்கப்பட்டது. 2019 மார்ச்சில் வந்த 5.0 இல், நினைவக முகவரி ஒன்றைத் தொட உரிமை உண்டா என்று பார்க்கும் செயற்கூறு, மூன்று விவரங்களைக் கேட்டு வந்தது, இரண்டே போதும் என்றது. 2020 ஓகஸ்ட்டில் வந்த 5.8 இல் நினைவகப் பூட்டு ஒன்றின் பெயர் மாறியது. கருவைச் செப்பனிடுவோர்க்கு இவை வீடு கூட்டுவதற்கு ஒப்பான வேலைகள். வெளியே இருக்கும் மொடியூலுக்கோ ஒவ்வொன்றும் ஒரு மரணம்.

கருவை ஆக்குவோர் ஏன் இவ்வாறு செய்கின்றனர்? கேட்டால் அவர்களிடம் மறுமொழி ஆயத்தமாக உண்டு. கருவின் பராமரிப்பாளருள் முதன்மையான ஒருவராகிய கிறெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் ஒன்று கருவின் மூலத்தோடேயே வைக்கப்பட்டுள்ளது. அதன் சாரம் யாதெனில், பாவனையாளர் தமக்கு மாறாத உள் இடைமுகம் வேண்டும் என்று எண்ணுகின்றனர். அவர்களுக்கு உண்மையில் வேண்டியது பழுதின்றி ஓடும் இயக்கி. அதனைப் பெறும் வழி இயக்கியைக் கருவின் மூல மரத்துள்ளே சேர்ப்பதுதான் என்பதாகும். உள்ளே இருக்கும் இயக்கியை, இடைமுகத்தை மாற்றுபவரே கூடவே திருத்திவிடுவார். சாதாரண மென்பொருள்கள் கருவிடம் பேசும் வெளிவாயிலை மாத்திரம் உடைக்கக்கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் பல்லாண்டுகளாகக் கடுமையாக நிற்கின்றார். உள்வீட்டு ஏற்பாடு வீட்டாரின் விருப்பம் என்பதே அவர்கள் நியாயம்.

இந்நியாயம் வலுவுள்ளது. பழைய பிழைகளையும் பாதுகாப்பற்ற வழிகளையும் என்றென்றும் சுமந்து செல்ல மறுத்தமையாலன்றோ லினக்ஸ் இத்துணை விரைவாக வளர்ந்தது! ஆயினும் இந்நியாயத்தின் விலையைக் கொடுப்பவர் யார் என்பதையும் பார்த்தல் வேண்டும். கருவை ஆக்குவோர் கொடுப்பதில்லை. மென்பொருளை விற்ற நிறுவனமும் தன் அடுத்த பதிப்பு வரும்வரை கொடுப்பதில்லை. இருவர் வழக்குக்கும் இடையில் நிற்கும் அந்தக் கணக்கேட்டு வணிகரே கொடுக்கின்றார்.

அவர் செய்யக்கூடியவை சில. யாரோ ஒரு தன்னார்வலர் தம் ஓய்வு நேரத்தில் திருத்தி வெளியிட்ட மொடியூல் மூலத்தை எடுத்துத் தொகுக்கலாம். வி.எம்.வெயார் பாவனையாளர் பலர் அவ்வாறே செய்து வருகின்றனர். அத்தன்னார்வலர்க்கு அவர்கள் பட்ட கடன் பெரிது. எனினும், முகமறியாத ஒருவரின் திருத்தத்தைக் கருவினுள்ளே, எல்லா அதிகாரத்தோடும் ஏற்றுகின்றோம் என்பதை மறத்தலாகாது. கணனி தொடங்கும்போதே கையொப்பம் பார்க்கும் செக்கியூர் பூட் என்னும் காவல் முறையும் இங்கே குறுக்கே நிற்கும். தாமே தொகுத்த மொடியூலில் கையொப்பம் இருப்பதில்லையாதலால் கரு அதனை ஏற்காது. சாவி ஒன்றை ஆக்கி, அதனைக் கணனியிற் பதிந்து, மொடியூலுக்குத் தாமே ஒப்பமிடும் வழி உண்டு. அவ்வழி நீண்டதாகையால் பலர் காவலையே நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் கருவைப் புதுப்பிப்பதையே நிறுத்திவிடுகின்றனர். இவ்விரண்டாவதே மிகப் பெரிய கேடு. மெய்நிகர் இயந்திரம் ஓடும். ஆனால் கருவில் மாதந்தோறும் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாமற் கிடக்கும்.

நிலைமை ஒருவாறு சீர்பட்டும் வருகின்றது. டெல் நிறுவனத்தில் தோன்றிய டி.கே.எம்.எஸ். என்னும் கருவி, புதிய கரு வந்தவுடன் மொடியூலைத் தானே மீண்டும் தொகுக்க முயலும். பெடோராவுக்கு ஏ.கேமொட்ஸ் என்ற அதன் உறவுமுறை உண்டு. இவை தையலைத் தாமே செய்யும். துணியே பொருந்தாதபோது இவற்றாலும் ஆவதில்லை. உள்ளே சேர்த்துவிடுதலே உண்மையான பரிகாரமாயிற்று. கே.வி.எம். என்னும் மெய்நிகர் இயந்திர ஏற்பாடு 2007 பெப்ரவரியில் 2.6.20 பதிப்பிலேயே கருவின் அங்கமாயிற்று. அதனைப் பாவிப்பவர் தொகுப்பி என்ற சொல்லையே அறியவேண்டியதில்லை. வி.எம்.வெயார் தன் அகக் கணனி இயக்கிகளிற் பலவற்றைப் படிப்படியாகக் கருவுக்குக் கொடுத்தது. பகிரும் கோப்புறைக்கான இயக்கிக்கு வேறொரு வழி காணப்பட்டது: அதனைக் கருவுக்கு வெளியே எடுத்து, மாறாத வெளிவாயில் வழியாகவே பேசும் சாதாரண மென்பொருளாக்கினர். சாதுரியமான முடிவு அது. ஒரக்கிள் நிறுவனத்தின் வேர்ச்சுவல் பொக்ஸுக்குரிய அகக் கணனி இயக்கிகளை, றெட் ஹற்றில் பணியாற்றிய ஹான்ஸ் டி கூடே 2017 க்கும் 2020 க்கும் இடையில் கருவினுள் சேர்ப்பித்தார். ஆகவே அகக் கணனிப் பக்கத்து அல்லல் இன்று பெரும்பாலும் பழங்கதை. புறக் கணனிப் பக்கத்தில், வி.எம்.வெயாரின் இரு மொடியூல்களும் வேர்ச்சுவல் பொக்ஸின் மொடியூலும் இன்னும் வெளியாட்களே.

வெளியாளாக இருப்பதன் துன்பம் தொகுப்போடு முடிவதுமில்லை. 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில், கே.வி.எம். ஏறியவுடனேயே செயலியின் மெய்நிகர் வசதியைத் தன் கையில் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. வேர்ச்சுவல் பொக்ஸின் மொடியூல் பிழையின்றித் தொகுபட்டது, கருவிலும் ஏறியது, ஆனால் இயந்திரத்தை எழுப்ப முயன்றபோது, இடம் ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டது என்ற பொருளில் ஒரு பிழை எழுந்தது. கே.வி.எம்.மை இறக்கிவிடுவது, அல்லது தொடக்கக் கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்ப்பது அதற்குத் தீர்வு.

நாம் முதலிற் கண்ட வணிகர் மாத இறுதிக் கணக்கை முடிக்க விரும்பின், அன்று காலையிலேயே தொகுப்பியோடு போராட வேண்டியதில்லை. பெடோரா வழமையாக மூன்று கருக்களைக் கணனியில் வைத்திருக்கும். கணனி எழும்போது தோன்றும் பட்டியலில் முந்திய கருவைத் தெரிவு செய்தால், நேற்றுவரை ஓடிய மெய்நிகர் இயந்திரம் இன்றும் ஓடும். கணக்கை முடித்து, அகக் கணனியிலுள்ள கோப்புகளை வெளியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ஆறுதலாக மற்றதைப் பார்க்கலாம். ஆனால் வசதி வரையறையுள்ளது. மேலும் புதிய கருக்கள் வந்து சேரச் சேர, மூன்றுக்கு மேற்பட்டவற்றுள் பழையது முதலில் நீக்கப்பட்டுவிடும்.