தறியும் வழங்கியும்



பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறியோசை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கணிப்பொறி நுட்பம் அயல்மொழியில்தான் விளங்கும் என்பார் உளர். அது பொய்யுரை என்பதற்கு ஒரு சான்று போதும்.

கோர்வைப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம். கரைகளுக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளர் தம் இருக்கையை விட்டு எழுவதில்லை. அப்பக்கத்துக் கரைக்குரிய நாடாவைத் துணையாள் செலுத்துவார். அவ்விழை வந்து கோத்த பின்னரே அடுத்த இழை விழும்.

ஆப்செக்டிவ்-சி எனும் நிரல்மொழியில் எழுதப்படும் பகிர்வுப்பொருள் வழங்கியும் இவ்வாறே இயங்கும். அம்மொழியைப் பிராடு காக்சும் டாம் லவ்வும் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கினர். 1988-இல் நெக்சுட்டு நிறுவனம் உரிமம் பெற்றுத் தன் கணிப்பொறிகளுக்கு ஏற்றுக்கொண்டது.

எளிய வழங்கிக்கு வேண்டுவன மூன்றே. முதலாவது, வினாவுக்கு விடை தரும் ஒரு பொருள்: கரையின் எண்ணைக் கொடுத்தால் அதன் பெயரைச் சொல்வது போல. இரண்டாவது, ஓர் இணைப்பை அமைத்து, அப்பொருளை அதன் வேர்ப்பொருளாக்கி, ஒரு பெயரில் பதிதல். அப்பெயரை வேறொரு நிரல் முன்பே கொண்டிருந்தால் பதிவு நிறைவேறாது. அதனை ஆய்ந்தறிதல் வேண்டும். மூன்றாவது, செய்தியை எதிர்நோக்கியிருக்கும் ஓட்டச்சுழலைத் தொடங்குதல். இதனை மறந்தால் நிரல் தொடங்கிய நொடியிலேயே முடிந்துபோகும்.

மறுபுறத்து நிரல் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் பொருள் வாராது. அதன் பதிலியே வரும். பதிலிக்கு இட்ட செய்தி, தொலைவிலுள்ள பொருளை அடைந்து விடையோடு மீளும்; அதுவரை கேட்ட நிரல் காத்திருக்கும். துணையாள் எழுந்து போனால் தறி நிற்பதுபோல, இணைப்பு அறுந்தால் நிரலும் தடைப்படும். ஆதலின் காத்திருப்புக்கு எல்லை வகுத்தல் வேண்டும்.

வழங்கி, இணைப்பு, பொருள், செய்தி: இவற்றுள் எச்சொல் கடன் பெற்றது? எக்கருத்து தமிழில் அடங்க மறுத்தது?

2017-இல் ஆப்பிள் நிறுவனம் இவ்விணைப்பு முறை இனி வேண்டாவென அறிவித்து, வேறொன்றைக் காட்டியது. ஆங்கிலக் கட்டளைகளைப் பொருளறியாது உருப்போட்டவன் அன்றே வெறுங்கையன் ஆனான். பதிலி இன்னதென்று தாய்மொழியில் உணர்ந்தவனுக்கோ, புதிய முறையும் பழகிய தறியே. கருவிகள் மாறும், கருத்து நிற்கும். கருத்து வேரூன்றும் நிலம் தாய்மொழியன்றோ?

நெசவாளர் பிள்ளையின் அறிவுக்கு ஆங்கிலத்தைச் சுங்கமாகக் கேட்கும் கொடுமை ஒழிக! கணிப்பொறிக் கல்வி தமிழிலேயே தழைக்க!