சாரதியும் யந்திர அறிவும்
(எழுமலையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



தானே ஓடும் வண்டிகளைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். நம் குடும்பங்களில் வண்டியோட்டி ஜீவிப்போர் பலராதலின், இஃது நமக்கு அயலான விஷயமன்று.

சந்தைக்குப் போய் இரவில் மீளும் வண்டிக்காரர் கண்ணயர்ந்தாலும் மாடுகள் வீடு வந்து சேரும் என்பர் நம் முன்னோர். மாடு வழியறியும், ஆயினும் வழியில் நேரும் தீங்கிற்குப் பொறுப்பேற்பது மாடன்று. செயற்கை நுண்ணறிவு பூட்டிய வண்டியிலும் கேள்வி இதுவே: விழித்திருக்க வேண்டியவர் யாவர்?

இதற்கு விடை பாதையைப் பொறுத்தது. 2015 ஜூன் 29-ல் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கிய சென்னை மெட்ரோ ரயில் தானே விரைந்து தானே நிற்க வல்லது. எனினும் ஓட்டுநர் முன்னறையிலிருந்து கதவையும் பாதையையும் கவனிக்கிறார். இரண்டாம் கட்டத்திற்கென ஓட்டுநரில்லா வண்டிகள் ஸ்ரீசிட்டியில் செய்யப்பட்டன. முதல் வண்டி 2024 அக்டோபரில் பூந்தமல்லிப் பணிமனையை அடைந்தது. நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2003 முதலும், தில்லியில் 2020 டிசம்பர் 28 முதலும் இத்தகைய ரயில்கள் ஓடுகின்றன. அங்கும் மனிதர் நீங்கினாரல்லர். கட்டுப்பாட்டு நிலையத்தில் அமர்ந்து கண்காணிக்கின்றனர். ஆடு, மாடு, மனிதர் குறுக்கிடாத தனிப்பாதையாதலின் இது இயன்றது.

சாலையோ அத்தகையதன்று. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனத்தார் சோதித்த தானியங்கி வண்டி மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு மாது மாண்டார். அந்நாட்டு விசாரணை வாரியம் கண்டறிந்தது யாதெனில்: மோதுவதற்கு 5.6 வினாடி முன்னரே யந்திரம் அவரைக் கண்டது; வாகனமென்றும், வேறு பொருளென்றும், சைக்கிளென்றும் மாறி மாறிக் கருதிற்று. குறித்த இடமல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடப்பர் என்பது அதற்குக் கற்பிக்கப்படவில்லை. வண்டியில் காவலாய் அமர்ந்தவரோ கைப்பேசியை நோக்கியிருந்தார். யந்திரம் சமைத்தோர் காவலரை நம்பினர். காவலர் யந்திரத்தை நம்பினார். இடையில் ஓர் உயிர் போயிற்று.

நிற்க. எழுமலையிலிருந்து உசிலம்பட்டி செல்லும் சாலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆட்டு மந்தையும், திருவிழாக் கூட்டமும், பள்ளி விட்டோடும் குழந்தைகளும் கடக்கக் குறித்த இடம் அங்கே எது? ஓர் ஆடு குறுக்கே வந்தால் பின்னே மந்தை வருமென்று நம் சாரதி அறிவார். அவ்வறிவைப் பெறாத யந்திரத்திடம் சாலையை ஒப்புவித்தல் தகுமா?

ஆயினும் யந்திரத்தை இகழ வேண்டுவதில்லை. அது களைப்பறியாது; உறக்கமறியாது; மதுவருந்தாது. இரவெல்லாம் லாரி ஓட்டும் நம் இளைஞர்க்கு, முன்வண்டி நெருங்குகையில் எச்சரித்துத் தானே பிரேக் பிடிக்கும் கருவி நல்ல துணையாம். துணையேயன்றி, நாம் கண்ணயர்வதற்கு அனுமதிச்சீட்டன்று.

ஓட்டுநர் பிழைப்பைக் கெடுக்கும் வண்டிகளை இந்நாட்டில் அனுமதியோம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-ல் கூறினார். அதை மட்டும் நம்பி வாளாவிருத்தல் நன்றன்று. அக்கருவிகளைச் செப்பனிடவும், கட்டுப்பாட்டு நிலையங்களில் பணிபுரியவும் நம் பிள்ளைகள், பெண்மக்களுட்பட, கற்றல் வேண்டும். ஓட்டுநராயுள்ளோர், தம் வண்டியிலுள்ள கருவி எதனைக் காணும், எதனைக் காணாது என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும்.

யந்திரம் காணாததை மனிதர் காணவும், மனிதர் அயரும்போது யந்திரம் காக்கவும் இரண்டும் இணைந்து ஓடுவதே க்ஷேமம். பொறுப்பு மட்டும் என்றும் மனிதருடையதே.