மெயில் வருகிறது, போக மறுக்கிறது!

“தண்டர்பேர்டில் மெயில் வருகிறது, அனுப்பினால் மட்டும் போவதில்லை, ஏன்?” என்று நம் அங்கத்தினர்கள் பலர் கேட்கிறார்கள்.

வரும் வழி வேறு, போகும் வழி வேறு. வருவதை ஐமேப் கவனிக்கிறது, அனுப்புவதை எஸ்எம்டிபி. ஆகவே அனுப்பும் அமைப்பைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

திரையில் தெரியும் எண்ணைப் படியுங்கள். 550 என்றால் பெரும்பாலும் பெறுபவரின் முகவரியில் பிழை. 552 என்றால் கடிதம் அளவு மீறியது. ஜிமெயிலில் வரம்பு 25 எம்பி. எண்ணே வராமல் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தால் போர்ட்டைப் பாருங்கள். ஸ்பாமைத் தடுக்கப் பல இணைய நிறுவனங்கள் 25ஐ மூடிவிட்டன. 587 அல்லது 465 போடுங்கள்.

535 என்றால் பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை. அது சரியாகவே இருக்கலாம். வழக்கமான பாஸ்வேர்டை மட்டும் கொண்டு இத்தகைய செயலிகள் நுழைவதை ஜிமெயில் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. வரும் பக்கத்தில் மாற்றிய அமைப்பு, அனுப்பும் பக்கத்தில் மாறாமல் நிற்கும். அங்கும் ‘ஓஆத்2’வைத் தேர்ந்தெடுங்கள்.

அவசரத்தில், “சரிசெய்து தருகிறேன்” என்று போனில் பேசும் முகம் தெரியாதவரிடம் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ சொல்லிவிடாதீர்கள். வங்கி, பென்ஷன் எல்லாம் அந்த ஒரே முகவரியில்தான் இருக்கின்றன. மெயில் ஒரு நாள் தாமதமாகப் போகட்டும், பாதகமில்லை.