கல் போனது, பெயர் நின்றது: கிரனாடாவின் பாபுர் ரம்லா



ஸ்பெயினில் கிரனாடா என்றொரு நகரம். அல்ஹம்ரா மாளிகையை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது மாளிகையைப் பற்றியல்ல. அந்த ஊரின் ஒரு வாசலைப் பற்றி.

அதன் பெயர் பாபுர் ரம்லா. பாப் என்றால் வாசல், ரம்ல் என்றால் மணல். மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாரோ ஆற்று மணல் திட்டை ஒட்டி நின்றதால் அந்தப் பெயர். பக்கத்திலேயே கைஸரிய்யா எனும் பட்டுக் கடைவீதி. 1349இல் முதலாம் யூசுஃப் நிறுவிய மதரஸாவும் அருகில்தான். வாசலும் கடையும் கல்விக்கூடமும் கூப்பிடு தூரத்தில்! கல்வி வேறு, வணிகம் வேறு என்று பிரிக்காத சமுதாயம் அது.

1491 நவம்பரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. முஸ்லிம்களின் மார்க்கம், பள்ளிவாசல், சொத்து, காழிகள் அத்தனைக்கும் அதில் உத்தரவாதம் இருந்தது. அதை நம்பி 1492 ஜனவரி 2இல் நகரம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாண்டுகூட அந்தக் காகிதம் தாங்கவில்லை. 1499ஐ ஒட்டிய காலத்தில், அந்த வாசலை அடுத்த சதுக்கத்தில், கார்டினல் சிஸ்னெரோஸ் உத்தரவுப்படி அரபுக் கிதாபுகள் குவித்து எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்களை மட்டும் விட்டுவைத்தார்கள். மருந்து வேண்டும், அதை எழுதியவன் மொழி வேண்டாம்! 1502இல் மதம் மாறு, இல்லையேல் வெளியேறு என்றார்கள். மாறியவர்களின் சந்ததிகளையும் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தினார்கள்.

அப்போதே வாசலையும் இடித்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை சகோதரர்களே! வாசல் நின்றது. ‘காதுகளின் வளைவு’ என்று புதுப்பெயர் சூட்டி, ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் அதன் வழியே போய்வந்தார்கள். வெற்றியாளனின் கோபத்திற்குத் தப்பிய வாசல், நகரை நவீனமாக்கும் திட்டத்திற்குத் தப்பவில்லை. 1873இல் இடிக்கத் தொடங்கினார்கள். கலைச்சின்னங்களை நேசித்த ஸ்பானியர்கள் போராடி, 1881இல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கச் செய்தார்கள். அந்த அறிவிப்பையே ரத்துசெய்துவிட்டு, 1884இல் இடித்து முடித்தார்கள்.

இதை ஒரு மதத்தாரின் குற்றமாக மட்டும் பேசிவிட்டுக் கலைந்து போகாதீர்கள். நியாயம் பேச வேண்டும். அதைக் காக்கப் போராடியவர்களும் அந்த மண்ணின் கிறிஸ்தவர்களே. எஞ்சிய கற்களைக் கொண்டு 1930களில் அல்ஹம்ராவின் சோலையில் வாசலை மீண்டும் எழுப்பியவர் தோரெஸ் பல்பாஸ் என்ற ஸ்பானியக் கட்டடக் கலைஞர். இன்றும் மரங்களுக்கிடையே நிற்கிறது. ஆனால் அதன் வழியே எந்த ஊருக்குள்ளும் போக முடியாது. தெருவை இழந்த வாசல் காட்சிப் பொருள்தான்.

பழைய சதுக்கத்தின் பெயர் என்ன தெரியுமா? இன்றும் ‘பிப் ரம்ப்லா’! அரபி அறியாதவர்களின் நாவிலும் பாபுர் ரம்லா உயிரோடிருக்கிறது. கிதாபை எரித்தார்கள், கல்லைப் பெயர்த்தார்கள், பெயரை அழிக்க முடியவில்லை.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவின் பழைய வக்ஃபுப் பத்திரம் யாரிடம் இருக்கிறது? பள்ளிவாசல் கல்வெட்டைப் படித்து எழுதி வைத்திருக்கிறீர்களா, அல்லது அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டீர்களா? வியாபாரிகளே! கணக்கில்லாத கடை நிலைக்குமா? சமுதாயத்திற்கும் அப்படித்தான். உடன்படிக்கை இருந்தும் கிரனாடா இழந்தது. கையில் காகிதமே இல்லாதவன் எதைக் காட்டி உரிமை கேட்பான்?

இந்த வாரமே தேடுங்கள். நகலெடுங்கள். மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள். அல்லாஹ் நம் முயற்சிக்குத் துணை நிற்பானாக! வஸ்ஸலாம்.