யாருடைய மனதை அளக்கிறது இந்த அளவுகோல்?



நான் இன்று ஒரு தாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மருத்துவமனையிலும் கல்லூரி ஆலோசனை மையத்திலும் கள ஆய்விலும் நம் கையில் தரப்படும் மனச்சோர்வு வினாத்தாள்தான் அது. மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து, 'உங்களுக்கு மனச்சோர்வு இருக்கலாம்' என்பார்கள். அந்தத் தாள் எல்லோரையும் ஒன்றுபோல அளக்கிறதா?

1977இல் அமெரிக்காவில் லெனோர் ராட்லாஃப் வெளியிட்ட சிஇஎஸ்-டி அளவுகோலில் 20 கேள்விகள். மற்றவர்கள் சிநேகமாக நடந்துகொள்ளவில்லையா, உங்களைப் பிடிக்காமல் இருக்கிறார்களா என்பவை அவற்றில் இரண்டு. நியூ ஹேவன் நகர முதியோரிடம் இதைச் சோதித்த ஓர் ஆய்வு 2000இல் வந்தது. மொத்தத்தில் ஒரே அளவு சோர்வு உள்ள கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஒப்பிட்டபோது, இந்த இரண்டு கேள்விகளில் மட்டும் கறுப்பினத்தவர் கூடுதல் மதிப்பெண் பெறும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்காக இருந்தது. அழுகை பற்றிய கேள்வியில் பெண்களுக்கும் அப்படியே.

இந்த ஒப்பீட்டு முறையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு குழுவின் சராசரி கூடுதலாக இருப்பது மட்டுமே சார்புக்குச் சான்றல்ல. ஒடுக்கப்பட்டவர்களிடம் சோர்வு உண்மையிலேயே அதிகமாக இருக்கலாம். சம அளவு சோர்வு உள்ளவர்களை அருகருகே நிறுத்திய பிறகும், ஒரே கேள்வியில் ஒரு குழு விலகி நின்றால், அந்தக் கேள்வி நோயோடு வேறெதையோ சேர்த்து அளக்கிறது. நியூ ஹேவனில் அந்த வேறெதுவுக்குப் பெயர் நிறவெறி என்றே நான் வாசிக்கிறேன்.

1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கறுப்பினத் தோழர்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கேள்வியையும் நாம் எடுத்துக்கொள்வோம். தனி டம்ளர் வைத்த டீக்கடையைத் தாண்டி வருகிறவரிடம், 'உங்களைப் பிறருக்குப் பிடிக்கவில்லையா' என்று கேட்டால், அவர் சொல்வது நோய்க்குறியா, தகவலா? 2001இல் வந்த பிஎச்கியூ-9 தாள் தூக்கத்தையும் களைப்பையும் கேட்கிறது. விடியுமுன் தெருக்கூட்டப் போகும் தூய்மைப் பணியாளரின் களைப்பு எந்தக் கணக்கில் சேரும்? ஊகித்துச் சொல்லிவிட முடியாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

சார்பு இரண்டு பக்கமும் வெட்டும். அநீதியை நோயாக்கி, கையில் மாத்திரையைக் கொடுத்து அனுப்பலாம். மனவேதனையை உடம்பு வலியாகச் சொல்கிறவரை, 'ஒன்றுமில்லை' என்று திருப்பியும் அனுப்பலாம். அதனால் தாளைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. பிஎச்கியூவின் ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கிறது. அதற்கு ஆம் என்பவரிடம், கூட்டுத்தொகை எதுவானாலும், அன்றே உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

நம் கோரிக்கைகள் இரண்டு. 'தமிழில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதியிருந்தால், யாரிடம் சரிபார்த்தீர்கள் என்று கேளுங்கள். வயது, பாலினத்தோடு சாதிவாரியாகவும் ஒவ்வொரு கேள்வியையும் சோதிக்கச் சொல்லுங்கள். அடுத்தது, நியூ ஹேவன் ஆய்வாளர்கள் அந்த மூன்று கேள்விகளையும் நீக்கினால் அளவுகோல் மேம்படும் என்றார்கள். நோயை அளக்கும் தாளிலிருந்து நீக்கட்டும். ஆனால் அவற்றுக்கு வந்த பதில்களைக் குப்பையில் போடக்கூடாது. மருத்துவர் வேண்டாமென்று ஒதுக்கும் அந்தப் பதில்கள், பாகுபாட்டைப் பற்றி நம் மக்கள் தந்த வாக்குமூலம். அதைப் பதிவு செய்வது நம் வேலை.